ஜாமீன் மனு எழுதக் கற்றுக்கொடுக்க எந்த வழி? நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

சட்டக் கல்லூரிகளில் குற்றவியல் பாடம் எடுப்பவர்கள் இப்போது திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "புதிய சட்டங்களையும் நடத்த வேண்டும், ஜாமீன் மனு எழுதவும் பழக்க வேண்டும். கையில் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு வகுப்புகள். எதை எடுப்பது, எதை விடுவது?" 2024 ஜூலை 1 அன்று ஐ.பி.சி. (தண்டனைச் சட்டம்), சி.ஆர்.பி.சி. (குற்ற நடைமுறைச் சட்டம்), சாட்சியச் சட்டம் மூன்றும் போய் அவற்றின் இடத்தில் முறையே பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. வந்தன. அன்றிலிருந்து இந்தக் குழப்பம் ஓயவில்லை.

இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் பார்ப்பதுதான் சிக்கல் என்பது என் கருத்து. ஒரு ஜாமீன் மனுவை ஒழுங்காக எழுத வைத்தால், நடைமுறைச் சட்டத்தில் மாறியவற்றில் முக்கியமானவை அந்த மனுவுக்குள்ளேயே வந்து நிற்கும். ஆனால் எப்படி எழுத வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. நம் கல்லூரிகளில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: பிரிவு அட்டவணையோடு விரிவுரை, மாதிரி வழக்குக் கட்டு (ஒரு கற்பனை வழக்கின் தாள்கள் அடங்கிய கோப்பு), மூத்த வழக்கறிஞர் அலுவலகப் பயிற்சி, சிறை சட்ட உதவி மையம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் தேதி. இன்றைக்கு ஒரு ஜாமீன் மனுவில் மாணவர் எடுக்கவேண்டிய முதல் முடிவு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது. சம்பவம் நடந்த தேதி தண்டனைச் சட்டத்தைத் தீர்மானிக்கும். 2024 ஜூலை 1-க்கு முன்பே புலன்விசாரணை நிலுவையில் இருந்ததா என்பது நடைமுறைச் சட்டத்தைத் தீர்மானிக்கும், பி.என்.எஸ்.எஸ். 531 அதற்காகவே இருக்கிறது. இந்த முடிவை மாணவரே எடுக்கும்படி வைக்காத எந்த முறையும் எனக்கு அரைகுறைதான்.

இரண்டாவது, தாளிலிருந்து செய்தியை எடுக்கும் திறன். எஃப்.ஐ.ஆர். தமிழில் இருக்கும், மனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் தயாராகும். நடுவில் எவ்வளவோ தொலைந்துபோகிறது.

மூன்றாவது, திருத்தம். எழுதியதை யாராவது படித்துத் திருத்தித் தராமல் வரைவு பழகாது. இதை மணிக்கணக்கில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது, உத்தரவு வந்த பிறகு நடப்பவை: ஜாமீன்தாரர், பிணைத்தொகை, காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போடும் நிபந்தனை. வகுப்பில் இவற்றைப் பேசுவோர் குறைவு.

ஐந்தாவது எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். மாணவரின் தவறால் உள்ளே இருக்கும் மனிதருக்குக் கெடுதல் வருமா?

| அளவுகோல் | விரிவுரை | மாதிரிக் கட்டு | வழக்கறிஞர் அலுவலகம் | சிறை சட்ட உதவி |
|---|---|---|---|---|
| தேதி, சட்டம் தீர்மானித்தல் | ஆசிரியரே சொல்லிவிடுகிறார் | மாணவர் தீர்மானிக்க வேண்டும் | சீனியர் முன்பே தீர்மானித்திருப்பார் | மாணவரும் வழக்கறிஞரும் சேர்ந்து |
| தாள் வாசிப்பு | இல்லை | நன்றாக | கிடைக்கும் கட்டைப் பொறுத்து | தாளே கையில் இல்லாத நிலையும் உண்டு |
| திருத்தம் | தேவையில்லை | ஆசிரியருக்குப் பெரும் சுமை | சீனியரின் பொறுமையைப் பொறுத்து | கட்டாயம் வேண்டும் |
| உத்தரவுக்குப் பின் | பெயரளவில் | வடிவமைத்தால் வரும் | நேரில் பார்க்கலாம் | மிக அதிகம் |
| எதிரிக்கு (குற்றம்சாட்டப்பட்டவருக்கு) ஆபத்து | இல்லை | இல்லை | குறைவு | உண்டு |

## விரிவுரையும் பிரிவு அட்டவணையும்

செலவில்லை, முன்தயாரிப்பு குறைவு, 80 பேருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். சி.ஆர்.பி.சி. 436 இப்போது பி.என்.எஸ்.எஸ். 478. 437 இப்போது 480. 438 இப்போது 482. 439 இப்போது 483. 436ஏ இப்போது 479. டீஃபால்ட் ஜாமீன் (குற்றப்பத்திரிகை கெடுவுக்குள் வராததால் கிடைக்கும் ஜாமீன்) 167(2)-லிருந்து 187(3)-க்குப் போயிருக்கிறது. ஒரு மணி நேர வேலை.

இதன் மறைமுகச் செலவு, 'எண்தான் மாறியது, சரக்கு அதேதான்' என்ற எண்ணம் மாணவர் மனதில் உட்கார்ந்துவிடுவது. அது உண்மையல்ல. முன்ஜாமீன் கேட்கும்போது நீதிமன்றம் பார்க்கவேண்டியவை என்று பழைய 438-க்கான 2005 திருத்தம் சொன்ன பட்டியல் புதிய 482-இல் கிடையாது. அந்த வாதங்களை இனி குர்பக்ஷ் சிங் சிபியா (1980), சுசீலா அகர்வால் (2020) போன்ற தீர்ப்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். விசாரணைக் கைதிகளுக்கான 479-இல், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத முதல் முறைக் குற்றவாளிக்குப் பாதித் தண்டனைக் காலம் என்பது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருப்பவரை வெளியே தள்ளுகிறது. ஒரு கை கொடுத்ததை மறுகை எங்கே எடுக்கிறது என்பதை அட்டவணை காட்டாது.

எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் '482 மனு' என்றால் பல பத்தாண்டுகளாக வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. இப்போது அது 528. 482 என்பது முன்ஜாமீன். ஐ.பி.சி.-யில் 302 கொலை, பி.என்.எஸ்.-இல் 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு, கொலைக்குத் தண்டனை 103-இல். சீனியர்களின் வாயில் பழைய எண்ணும் தாளில் புதிய எண்ணும் ஓடும் காலம் இது. மாணவர் இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாண்டு மாணவர்கள், ஏற்கெனவே தொழில் நடத்தும் வழக்கறிஞர்களுக்கான மறுபயிற்சி, ஒரே நாள் கருத்தரங்கு ஆகியவற்றுக்கு இந்த வழி போதும். சீர்திருத்த விவாதத்தின் பின்னணியைச் சொல்லவும் இதுவே ஏற்றது: மாலிமத் குழு (2003), ஜாமீன் பற்றிய சட்ட ஆணையத்தின் 268-வது அறிக்கை (2017), தனி ஜாமீன் சட்டம் கொண்டுவருவதை அரசு பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன சதேந்தர் குமார் அன்டில் தீர்ப்பு (2022). மனு எழுதப் பழக்க மட்டும் இது உதவாது.

## மாதிரி வழக்குக் கட்டு

என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தை ஒரு கட்டைப் பிரித்தே காட்டுகிறேன்.

தேநீர்க் கடை மேசையில் ஒருவர் செல்போனை வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். எஃப்.ஐ.ஆரில் மதிப்பு ரூ.4,800. போலீஸ் போட்டிருப்பது பி.என்.எஸ். 304(2), அதாவது பறிப்பு. கட்டில் எஃப்.ஐ.ஆர்., கைதுக் குறிப்பாணை, ரிமாண்ட் அறிக்கை, கைப்பற்றுதல் மகஜர் (பறிமுதல் பதிவு) நான்கும் இருக்கின்றன. இனி மாணவர் பாடு.

இது பறிப்பா, வெறும் திருட்டா? 304-இன்படி, திடீரென்றோ வேகமாகவோ வலுக்கட்டாயமாகவோ ஒருவரிடமிருந்து அல்லது அவர் வசத்திலிருந்து பொருளை எடுத்தால் பறிப்பு. மேசைமேல் இருந்த போன் அவர் 'வசத்தில்' இருந்ததா? இருந்தது என்பார் அரசு வழக்கறிஞர். கையிலிருந்தோ உடம்பிலிருந்தோ பிடுங்கவில்லையே என்பார் எதிரியின் வழக்கறிஞர். இந்த வாதத்தில் எவ்வளவு தொங்குகிறது பாருங்கள். பறிப்பு ஜாமீனில் விடமுடியாத குற்றம். ரூ.5,000-க்குக் குறைவான திருட்டையோ பி.என்.எஸ்.எஸ். முதல் அட்டவணை ஜாமீனில் விடக்கூடியதாக, வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாததாக வைத்திருக்கிறது. முதல் முறைக் குற்றவாளி பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவை தண்டனை என்ற புதுமையும் அதே திருட்டுப் பிரிவில்தான். ஆக மகஜரில் போன் மீட்கப்பட்டதா, எவ்வளவு மதிப்பு போட்டிருக்கிறது என்று மாணவர் தேடிப் படிக்க வேண்டும். விரிவுரையில் இதைச் சொன்னால் குறிப்பு எடுத்துக்கொள்வார்கள். கட்டில் தாங்களே கண்டுபிடித்தால் மறக்கமாட்டார்கள்.

அடுத்த வாரம் அதே கட்டில் ஒரே ஒரு மாற்றம்: சம்பவத் தேதி 2024 ஜூன் 30, எஃப்.ஐ.ஆர். ஜூலை 2. இப்போது 304 நிற்காது. நம் மாநிலத்துக்குப் பொருந்தும் ஐ.பி.சி.-யில் பறிப்பு என்று தனிக் குற்றம் இல்லை, 379 (திருட்டு) தான்; செய்தபோது இல்லாத குற்றத்துக்குத் தண்டிக்க அரசியலமைப்பின் 20(1) இடம் தராது. ஆனால் நடைமுறை பி.என்.எஸ்.எஸ்.படி நடக்கும். எஃப்.ஐ.ஆரும் ஜூன் 30 அன்றே பதிவாகியிருந்து, ஜாமீன் மனு மட்டும் ஜூலையில் போடப்பட்டால்? உயர் நீதிமன்றங்களில் வாதாடப்பட்ட கேள்வி இது. வகுப்பை இரண்டாகப் பிரித்து மோதவிடலாம்.

பிறகு நாள் கணக்கு. 2024 ஜூலை 2 அன்று ரிமாண்ட். குற்றப்பத்திரிகைக்கான கெடுவான 60-வது நாள் எது? ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கபில் வாதவான் வழக்கில் (2023) சொல்லியிருக்கிறது. அப்படி எண்ணினால் ஆகஸ்ட் 30; அந்த நாளை விட்டுவிட்டால் ஆகஸ்ட் 31. குற்றப்பத்திரிகை 31-ஆம் தேதி மாலை வருகிறது, மனு அன்று காலையிலேயே போட்டாகிவிட்டது என்று வையுங்கள். ஒரு நாள் பிசகினால் ஓர் உரிமையே போய்விடும். இந்த இடத்தில் நம் மண்ணிலிருந்து போன இரண்டு தீர்ப்புகளைப் படிக்கக் கொடுப்பேன். ஊரடங்கைக் காரணம் காட்டி டீஃபால்ட் ஜாமீனை மறுக்க முடியாது என்ற எஸ்.காசி (2020) மதுரையிலிருந்து போனது. குற்றப்பத்திரிகைக்கு முந்திக்கொண்டு மனு போட்டவரின் உரிமை பிறகு வரும் குற்றப்பத்திரிகையால் அழியாது என்ற எம்.ரவீந்திரன் (2020) சென்னையிலிருந்து போனது.

கட்டில் ஒரு தாளை வேண்டுமென்றே விட்டுவிடுவதும் நல்ல பயிற்சி. கைதுக்கான காரணங்களை எதிரிக்குத் தெரிவித்ததற்கான தாள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விஹான் குமார் தீர்ப்பின்படி (2025), காரணங்களைத் தெரிவிக்காதது ஒன்றே கைதைச் செல்லாததாக்கும். இல்லாத தாளைக் கவனிக்கிற கண் வகுப்பில் சிலருக்குத்தான் உடனே வாய்க்கும். மற்றவர்களுக்கு அது பழக்கத்தால் வரும்.

இதன் மறைமுகச் செலவு ஆசிரியரின் நேரம். 80 பேர், மனு ஒன்றுக்குப் 15 நிமிடம் என்றால் ஒரு சுற்றுத் திருத்தத்துக்கே 20 மணி நேரம். பார் கவுன்சிலின் 2008 விதிகள் வரைவுத் தாளில் 15 பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண் என்கின்றன. 15-க்கும் வெவ்வேறு கற்பனைக் கதை எழுதினால் யாராலும் திருத்த முடியாது; நோட்டு நிறையும், கை பழகாது. ஒரே கட்டை ஐந்து நிலைகளில் பயன்படுத்துங்கள்: கைதுக்கு முன் முன்ஜாமீன், கைதுக்குப் பின் ஜாமீன், 60 நாளுக்குப் பின் டீஃபால்ட் ஜாமீன், உத்தரவுக்குப் பின் பிணைத்தொகையைக் குறைக்க 484-இன் கீழ் மனு, கடைசியாக நிபந்தனை தளர்த்தும் மனு. தேதிப் பட்டியலையும் முதல் மூன்று வாதங்களையும் மட்டும் நீங்கள் திருத்துங்கள். மீதியைப் பக்கத்து மாணவர் அரசுத் தரப்பில் நின்று ஆட்சேபணை எழுதிக் கிழிக்கட்டும்.

கட்டைத் தயாரிப்பதிலும் எச்சரிக்கை தேவை. உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. அதனால் உண்மையான எஃப்.ஐ.ஆரின் நடையைப் பார்க்க வழி இருக்கிறது. பெயர், ஊர், கைப்பேசி எண் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். பாலியல் குற்ற வழக்குகளைத் தொடவே வேண்டாம்; பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிவருவது பி.என்.எஸ். 72-இன் கீழ் குற்றம்.

## வழக்கறிஞர் அலுவலகப் பயிற்சி

மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி கட்டாயம் என்பதால் இது எப்படியும் நடக்கத்தான் போகிறது. கேள்வி, வரைவு கற்பிக்க இதை நம்பலாமா என்பதுதான்.

நீதிமன்றத்தில் மட்டுமே கற்க முடிந்தவை உண்டு. ஜாமீன் விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் நீதிபதி கேட்பவை பெரும்பாலும் ஒரே வரிசைதான்: எத்தனை நாள் உள்ளே, முன்வழக்கு உண்டா, பொருள் மீட்கப்பட்டதா, மற்ற எதிரிகளுக்கு ஜாமீன் கிடைத்ததா. இதை ஒரு வாரம் உட்கார்ந்து கேட்ட மாணவர் மனுவின் மூன்றாம் பக்கத்தில் இருக்கவேண்டியதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். முந்தைய ஜாமீன் மனுக்களின் விவரத்தை ஒவ்வொரு மனுவிலும் சொல்ல வேண்டும் என்ற குஷா துருகா தீர்ப்பு (2024) எவ்வளவு கண்டிப்பானது என்பதும் அங்கேதான் உறைக்கும்.

ஆனால் அலுவலகக் கணினியில் இருக்கும் பழைய மனுவைத் திறந்து பெயரையும் குற்ற எண்ணையும் மாற்றுவதுதான் மாணவருக்கு முதலில் கிடைக்கும் வேலை. 'மனுதாரர் நிரபராதி, பொய்யாகச் சேர்க்கப்பட்டுள்ளார், குடும்பத்தின் ஒரே ஆதாரம், எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படுவார்' என்ற நான்கு வரிகள் எல்லா மனுவிலும் இருக்கும். எந்த மனுவையும் அவை தனியாகத் தாங்குவதில்லை. எண்ணை மாற்றிவிட்டு வாதத்தை அப்படியே விட்ட மனுக்கள் இந்த இடைக்காலத்தில் பெருகியிருக்கின்றன. மாணவர் அந்தப் பழக்கத்தோடு திரும்பி வந்தால் அதை மாற்றுவதற்குத் தனி உழைப்பு வேண்டும்.

இன்னொரு செலவு யாரும் எழுத்தில் வைக்காதது: வாய்ப்பின் ஏற்றத்தாழ்வு. குடும்பத்தில் வழக்கறிஞர் இருக்கும் மாணவருக்கு நல்ல சேம்பர் கிடைக்கிறது. முதல் தலைமுறை மாணவர் பேருந்துச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டு, ஃபைல் தூக்கிவிட்டுத் திரும்புகிறார். கல்லூரியே இடம் ஒதுக்கித் தந்தால் இது ஓரளவு சீராகும். வகுப்பில் கட்டு முறையை முடித்த மாணவருக்கு இந்தப் பயிற்சி பெரும் பலன் தரும். முடிக்காதவருக்கு மேலே சொன்ன நான்கு வரிகள்தான் மிஞ்சும்.

## சிறை சட்ட உதவி மையம்

ஆர்வமுள்ள மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சட்டமும் ஆதரவாக இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 4(கே) சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை ஊக்குவிக்கச் சொல்கிறது. 12-வது பிரிவின்படி காவலில் இருப்பவர் எவரும் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

இங்கே நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: மாணவரின் முதல் ஜாமீன் மனு உண்மையான மனிதருக்காக இருக்கக் கூடாது. தள்ளுபடியான மனு ஒன்றுமில்லாமல் போவதில்லை. அடுத்த மனுவில் அதைச் சொல்ல வேண்டும், சூழ்நிலையில் என்ன மாற்றம் என்று காட்ட வேண்டும். அவசரத்தில் எழுதிய ஒரு வரி, எதிரி சம்பவ இடத்தில் இருந்தார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடலாம். கையெழுத்திடும் வழக்கறிஞர் படிக்காமல் போட்டுவிட்டால் விலை கொடுப்பவர் உள்ளே இருப்பவர். கைதி பேசுவதற்கு வழக்கறிஞரிடம் இருக்கும் இரகசியக் காப்பு, தனியாகப் போன மாணவரிடம் பேசும்போதும் உண்டா என்ற கேள்வியே எழக்கூடாது. எப்போதும் வழக்கறிஞர் உடனிருந்துதான் பேச வேண்டும்.

அப்படியானால் இந்த வழி வீணா? இல்லவே இல்லை. ஆபத்து குறைவாகவும் தேவை அதிகமாகவும் இருக்கும் வேலை ஒன்று இருக்கிறது: ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள். 1978-இல் மோதி ராம் வழக்கில் ஒரு கொத்தனாரிடம் ரூ.10,000-க்கு ஜாமீன்தாரர் கேட்டதை நீதியரசர் கிருஷ்ணய்யர் கண்டித்தார். இன்றும் வாடகை வீட்டில் இருப்பவர், வெளிமாநிலத் தொழிலாளி, உறவுகள் கைவிட்டவர் இரண்டு ஜாமீன்தாரர்களைத் தேடி அலைகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று இதற்கு வழி சொன்னது: ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளுக்குள் ஒருவர் வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையை மாற்றுவதைப் பரிசீலிக்கலாம். இந்த மனுக்களை மாணவர் எழுதலாம். தள்ளுபடியானாலும் கையில் இருக்கும் ஜாமீன் போகாது. ஜெயித்தால் ஒருவர் வீட்டுக்குப் போகிறார்.

479-உம் அப்படித்தான். தகுதியானவருக்காக நீதிமன்றத்துக்கு உடனே எழுதும் கடமையைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளரிடம் வைத்திருக்கிறது. 2024 ஜூலைக்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் உத்தரவிட்டது. யார் எத்தனை நாள் உள்ளே, அதிகபட்சத் தண்டனை என்ன, வேறு வழக்கு உண்டா என்று பட்டியல் போடுவது மாணவர்கள் செய்யக்கூடிய, பிழையைச் சரிபார்க்கக்கூடிய வேலை.

மறைமுகச் செலவுகள்: அனுமதிக்கான காத்திருப்பு, பருவம் முடிந்ததும் வழக்கு அநாதையாவது, கேட்ட கதைகள் மாணவர் மனதில் ஏற்படுத்தும் பாரம். மூன்றாவதை எந்தக் கல்லூரித் திட்டத்திலும் சேர்த்துப் பார்த்ததில்லை, சேர்க்க வேண்டும்.

## உங்கள் நிலைமைக்கு எது

ஓர் ஆசிரியர், பெரிய வகுப்பு, பத்து வகுப்புகள் என்றால் ஏழு கட்டுக்கு, ஒன்று அட்டவணைக்கு, இரண்டு வாய்மொழி வாதத்துக்கு. அட்டவணையை முதல் வரைவுக்குப் பிறகு கொடுங்கள். தாங்கள் எங்கே சறுக்கினோம் என்று தெரிந்தபின் அதைப் பசியோடு படிப்பார்கள்.

வகுப்பு சிறியது, சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் ஒருவர் வாரம் ஒருமுறை நேரம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றால், கட்டை முடித்த மாணவர்களை மட்டும் சிறைப் பணிக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தால் தொடங்காதீர்கள்.

கடைசியாண்டு மாணவர், கல்லூரி எதையும் ஏற்பாடு செய்யவில்லை, நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் நீதிமன்றத்துக்குப் போங்கள். ஆனால் ஒவ்வொரு ஜாமீன் விசாரணைக்கும் எஃப்.ஐ.ஆர். தேதி, சம்பவத் தேதி, ரிமாண்ட் தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு, உத்தரவு வருமுன் உங்கள் முடிவை எழுதிவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு மனுவையாவது தமிழில் எழுத வையுங்கள். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். எஃப்.ஐ.ஆரில் 'எடுத்துக்கொண்டு ஓடினார்' என்று இருப்பதை ஆங்கில மனுவில் 'பறித்தார்' என்று பெயர்த்த மாணவர், 304-ஐத் தன் கையாலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். தமிழில் எழுதும்போது எஃப்.ஐ.ஆரின் சொல்லை அப்படியே எடுத்து வாதிடலாம். மனுவில் எதிரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வீட்டாரும் வாசித்து, தப்பிருந்தால் தாக்கல் செய்யுமுன்பே சொல்ல முடியும்.